யாழ் கண்ட அடிகளார்

ஆலையடிவேம்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் கடற்கரைப் பெருந்தெருவில் நான் எத்தனை முறை போய் வந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அக்கரைப்பற்றுச் சந்தையின் இரைச்சல் ஓய்ந்ததும் அட்டாளைச்சேனை வரும். அதன்பின் பாலமுனை, ஒலுவில், நிந்தவூர். ஒருபுறம் வயல், மறுபுறம் தென்னஞ்சோலை, இடையிடையே பள்ளிவாசல்களின் வெண்ணிற மினாராக்கள். நிந்தவூரைத் தாண்டிப் பேருந்து காரைதீவுக்குள் நுழையும்போது மட்டும் கையிலிருக்கும் நூலை மூடிவிடுவது என் வழக்கம். உலகம் மறந்துபோன ஓர் இசைக்கருவியை ஏட்டிலிருந்து எழுப்பித் தந்த ஒருவர் பிறந்த ஊர் அது.

விபுலானந்த அடிகளாரைத் துறவியாகவும், பள்ளிக்கூடங்கள் கண்டவராகவும், பேராசிரியராகவும் நம் மாணவர் அறிவர். பாடநூல்கள் அவ்வளவிற்கு அவரை அறிமுகப்படுத்தியிருக்கின்றன. ஆனால் அவர் தம் வாழ்நாளின் பிற்பகுதியை எதற்கு ஈந்தாரோ, அந்த யாழ் நூலைப் பற்றிக் கேட்டால் பெயரளவில் விடை வரும். அதற்கு மேல் வராது. ஆசிரியனாகிய நானும் நெடுங்காலம் அந்நிலையிலேதான் இருந்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை.

1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் நாள், சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக அவர் காரைதீவில் பிறந்தார். இட்ட பெயர் மயில்வாகனன். அதே 1892 இலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு சென்னையில் அச்சேற்றி வெளியிட்டார். இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பது வீண் கற்பனை என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் பிற்காலத்தில் அக்குழந்தையின் கையில் எந்த நூல் இரவும் பகலும் இருக்கப் போகின்றதோ, அந்த நூல் அதே ஆண்டில் உலகிற்கு வந்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஒரு சிலிர்ப்பு உண்டாவது உண்மை.

காரைதீவு கண்ணகிக்குக் கோயில் எடுத்த ஊர். வைகாசித் திங்களில் அங்கே சடங்கு நடக்கும். உடுக்கொலியினிடையே கண்ணகி வழக்குரை ஓதப்படும். குளிர்த்தி பாடித் தெய்வத்தின் சினம் தணிப்பர். எங்கள் கீழ்க்கரை ஊர்களிலே கண்ணகி காப்பியத் தலைவி என்பதற்கு முன்னரே குலதெய்வம். ஆகவே மயில்வாகனன் சிலம்பின் கதையை எழுத்தறியுமுன் செவியாலே அறிந்திருப்பான். ஏட்டிலே அதனைப் பயின்றது பின்னர்.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலங் கற்று, அப்பால் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலே சேர்ந்தார். பிரெஞ்சு யேசு சபைத் துறவியர் நடத்திய கல்லூரி அது. கணிதத்தில் அவருக்கிருந்த திறம் அங்கே துலங்கிற்று. 1908 இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். கொழும்பு ஆசிரியர் கலாசாலையிலே பயிற்சி பெற்றார். பின்பு அந்நகரின் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வெற்றி பெற்றார். இலங்கையிலிருந்து அப்பட்டம் பெற்றவருள் முதல்வர் என்று அவரைச் சொல்வர். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியரானார்.

ஒரு கையில் பௌதிகம், மறு கையில் தொல்காப்பியம். இந்தச் சேர்க்கை அக்காலத்தில் அருமை. இக்காலத்திலும் எளிதில் காணக் கிடைப்பதன்று. தமிழ்ப் பண்டிதர் பலர் எண்களைக் கண்டால் அஞ்சினர். விஞ்ஞானம் கற்றோர் பழந்தமிழ் உரைகளைத் தொடவே இல்லை. யாழ் நூல் பிறப்பதற்கு இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க வேண்டியிருந்தது.

1922 இல் அவர் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் சேர்ந்தார். 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் இதழ்களை நடத்தினார். 1926 இல் அவருடைய மதங்க சூளாமணி வெளிவந்தது. சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களையும் சிலப்பதிகார உரை காட்டும் நாடக இலக்கணத்தையும் ஒரே அவையில் அமர்த்திய நூல் அது. துறவுக் கோலம் பூண்டவர் நாடகத்திற்கு இலக்கணம் எழுதுவதா என்று அந்நாளில் முகஞ்சுளித்தவரும் இருந்திருப்பர். அடியார்க்குநல்லார் உரைக்குள் அவர் ஆழ இறங்கியது அந்நூலுக்காகத்தான். அங்கே நாடகத்திற்கு அருகிலேயே யாழும் கிடந்தது.

நடுவே கல்விப் பணி. இலங்கைக்கு மீண்டு இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பார்த்தார். 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 முதல் 1933 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். மாலை வேளைகளில் அருகேயுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். சிலம்பின் அரங்கேற்று காதையோடு அவர் போராடத் தொடங்கியதும் ஏறக்குறைய இக்காலமே.

அது என்ன போராட்டம் என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

யாழ் என்ற சொல் சங்க நூல்களில் எங்கும் ஒலிக்கின்றது. பாணர் அதனைத் தோளிலே சுமந்து ஊர் ஊராகச் செல்கின்றனர். பொருநராற்றுப்படையிலே அதன் பத்தர் மானின் குளம்பு பதிந்த சுவடுபோல் நடு உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருந்ததாகக் காண்கின்றோம். வளைந்த கோடு, அதில் வரிந்து கட்டிய திவவு, தோற்போர்வை, முறுக்கிய நரம்பு என்று உறுப்புகள் எல்லாம் சொல்லப்படுகின்றன. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டி யாழுக்கு 7 நரம்பு என்று உரையாசிரியர் எண்ணிக்கையும் தருகின்றார். இத்தனை இருந்தும், ஒரு யாழாவது நம் கைக்கு எட்டவில்லை. மரம் உளுத்தது, நரம்பு அற்றது, வாசித்த குலம் வேறு தொழிலுக்குப் போயிற்று. யாழ் என்பது வீணைக்குப் பழம்பெயர் என்று சொல்லிக் கற்றோர் பலர் அமைதி கொண்டுவிட்டனர்.

அடிகளார் அவ்வமைதியை ஏற்கவில்லை. வீணையிலே ஒரே தந்தியில் மெட்டுக்கு மெட்டு விரல் மாற்றிப் பல சுரங்களை எழுப்புகின்றோம். யாழிலோ சுரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நரம்பு. விரல் அதனைத் தெறிக்கும் அவ்வளவே. அமராவதிச் சிற்பங்களிலே காணும் வளைந்த கருவியும், சமுத்திரகுப்தன் தன் பொற்காசிலே மடிமீது வைத்து வாசிக்கும் கருவியும், பர்மா நாட்டில் இன்றும் வாசிக்கப்படும் சவுங் என்ற வில்வடிவக் கருவியும் ஒரே குடும்பத்தவை. யாழும் அக்குடும்பமே என்பது அவர் கண்ட முடிவு. யாழ் ஏன் மறைந்தது என்பதற்கும் இதிலேயே ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. பண் மாறும்போதெல்லாம் யாழின் நரம்புகளைத் திரும்பவும் கூட்டவேண்டும். சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் அதிலே எளிதன்று. திருஞானசம்பந்தரின் பாட்டொன்றை வாசிக்க இயலாது தம் யாழையே முறிக்கத் துணிந்தார் திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்னும் வரலாற்றில் இந்த இடர்ப்பாட்டின் நிழல் விழுந்திருக்கலாம். மேலைநாட்டார் தம் ஹார்ப் என்னும் கருவியை இதே இடர் வந்தபோது கைவிட்டாரல்லர். நரம்புகளைப் பெருக்கினர், மிதிகட்டைகளைப் பொருத்தினர். 1810 இல் எரார்ட் என்பவர் அதற்கு நிறைவான ஓர் அமைப்பையே கண்டார். நாமோ யாழை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வீணையை உள்ளே அழைத்துக்கொண்டோம்.

ஐரோப்பாவின் இடைக்காலப் பாட்டுக்கும் இத்தகைய மறதி நேர்ந்ததுண்டு. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளிலே தென் பிரான்சில் துருபதூர் என்னும் பாவலர் அரண்மனைதோறும் பாடித் திரிந்தனர்; நம் பாணர் நினைவு வராமற் போகாது. அவர்களுடைய பாடல்கள் ஏறத்தாழ 2500 எஞ்சியிருக்க, இசை குறித்து வைக்கப்பட்டவை அவற்றிற் பத்தில் ஒரு பங்கே. திருச்சபைப் பாடல்களுக்கோ நற்பேறு வாய்த்தது. பதினோராம் நூற்றாண்டில் அரெத்சோ நகரத்துக் குவீதோ என்ற துறவி கோடுகளின்மேல் சுரங்களை எழுதும் முறையை வகுத்துத் தந்தார். அதனாலே அக்காலத்துப் பாட்டை இன்றும் எடுத்துப் பாட இயலுகின்றது. கருவிகள் வழக்கொழிந்தனவாயினும், ஆர்னால்டு டால்மெட்சு என்பவர் பழைய லூட், வயல், ரெக்கார்டர் முதலியவற்றைப் பழுது பார்த்தும் புதிதாகச் செய்தும் 1925 இல் இங்கிலாந்தின் ஹேசில்மியர் ஊரில் அவற்றுக்கென ஒரு விழாவே தொடங்கினார். அவருக்குத் தொட்டுப் பார்க்கப் பழைய கருவிகள் இருந்தன. அளந்து பார்க்க நூற்சாலைகளிலே ஏடுகள் இருந்தன. அதே காலத்தில் யாழைத் தேடிய நம் அடிகளாருக்குத் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. செய்யுளும், செய்யுளுக்கு உரையும், கல்லிற் செதுக்கிய சில உருவங்களுமே கிடைத்தன.

ஆகவே அவர் கணக்கைத் துணைக்கொண்டார். ஆய்ச்சியர் குரவையிலே மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகின்றாள். படிப்போர் அதனைக் கூத்தின் அழகாகக் கண்டு மகிழ்ந்து அப்பாற் போய்விடுவர். அடிகளார் அங்கே நின்றார். அந்த வட்டம் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்த இசைமண்டிலம் என்றும், ஒவ்வொரு நரம்புக்கும் உரிய மாத்திரை முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என வந்து 22 ஆகக் கூடுகின்றது என்றும் கொண்டு, எந்த நரம்பு எந்த அளவில் நின்றது என்று கணித்தார். குரலை முதலாகக் கொண்டால் செம்பாலை; அதே நரம்புகளை மாற்றாமலே துத்தத்தை முதலாக்கினால் வேறொரு பாலை; இவ்வாறு ஏழு பாலைகள். இடைக்கால ஐரோப்பியர் தம் திருச்சபைப் பாடல்களை முறை முறையாக வகுத்ததும் இவ்வழியேதான்: நரம்பு அவையே, நிற்கும் இடம் வேறு. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பது அடிகளார் முடிவு. 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலைத் தந்த ஆபிரகாம் பண்டிதர் அதனைச் சங்கராபரணம் என்றார். அலகுகளையும் 24 எனக் கொண்டார். இரு பெரியோரின் முடிவுகளும் வேறுபடுவதால் ஒருவரைப் புகழ மற்றவரை இகழ்வோர் உளர். அஃது வேண்டாத வேலை. பண்டிதர் முன்னரே காடு வெட்டியிராவிட்டால் அடிகளார் நடந்த பாதை மேலும் கரடாயிருந்திருக்கும்.

நான் யாழ் நூலை முதன்முறை கையிலெடுத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பாயிரவியலைச் சுவைத்துப் படித்தேன். யாழுறுப்பியலையும் ஒருவாறு கடந்தேன். இசைநரம்பியலிலே பின்னங்களும் பெருக்கல்களும் எதிர்ப்பட்டதும் நூலை மூடிவைத்தேன். அந்த நூல் பன்னிரண்டு ஆண்டு என் அலமாரியிலே தூசி பிடித்துக் கிடந்தது. பின்னர் ஒருநாள் எங்களுடன் கற்பித்த விஞ்ஞான ஆசிரியர், அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர், அதை எடுத்துப் புரட்டினார். பக்கீர்மாரின் றபான் பாட்டிலே தோய்ந்த செவி அவருடையது. பழந்தமிழில் அத்துணைப் பயிற்சி இல்லை. ஆயினும் நான் மூடிவைத்த பக்கத்திலேதான் அவர் விழித்துக்கொண்டார். இந்தக் கணக்கைக் காதாற் கேட்கலாமே என்று சொல்லி, ஆய்வுகூடத்திலிருந்த சுரமானியை மேசைமேல் வைத்தார்.

கம்பியின் நீளம் 60 சென்ரிமீற்றர் எனக் கொண்டோம்; அதன் ஒலி குரல். உள்ளே நகரும் கட்டையை 40 இல் வைத்தால் இளி. 45 இல் உழை. 48 இல் கைக்கிளை, 36 இல் விளரி. துத்தத்திற்கு ஐம்பத்து மூன்றும் சிறிதும். தாரத்திற்கு முப்பத்து நான்கிற்குச் சற்றுக் குறைவு. 30 இல் மீண்டும் குரல், ஆனால் மேலே. மாணவர் சாளரத்தருகே கூடிவிட்டனர். ஒவ்வொன்றாகத் தெறித்து மேலேறியபோது, சங்கீதம் பயின்ற ஒரு மாணவி அது அரிகாம்போதி என்று தானாகவே சொன்னாள். நாங்கள் இருவரும் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. வகுப்பு மணி அடித்தும் ஒருவரும் கலையவில்லை. மூடிய நூலைப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அன்றிரவு மீண்டும் விரித்தேன்.

இத்தனைக்கும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது; அதை மறைத்துப் புகழ்மாலை சூட்டுவது அடிகளாருக்கே பிடித்திராது. கணக்குத் தருவது நரம்பின் இடத்தை. பாணனுடைய விரல் அந்நரம்பில் எவ்வாறு தங்கிற்று, எங்கே விரைந்தது, எங்கே ஓய்ந்தது என்பதைக் கணக்குத் தராது. யாழ் நூல் பண்ணியலிலும் தேவாரவியலிலும் அந்த இடைவெளியை நிரப்ப அவர் முயல்கின்றார். ஓதுவார் மரபைத் துணைக்கொள்கின்றார். அங்கே அவர் கூறும் எல்லாவற்றையும் இசைவல்லோர் ஒப்புக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. என் மட்டில், முதல் நான்கு இயல்களில் என் மனம் பற்றுவதுபோல் பிந்தியவற்றில் பற்றவில்லை.

இவ்வாராய்ச்சி ஏறத்தாழ பதினான்கு ஆண்டு நடந்தது. இடையிலே 1939 முதல் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல் நலிந்துகொண்டே வந்தது. கற்பித்தலும் பயணமும் நோயும் போக எஞ்சிய பொழுதெல்லாம் யாழுக்கே சென்றது.

1947 ஆம் ஆண்டு சூன் 5, 6 ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகச் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறிற்று. சம்பந்தர் பதிகம் பாட ஓடம் தானே ஆற்றைக் கடந்தது என்று சொல்லப்படும் தலம் அது. அடிகளார் குறிப்பின்படி செய்த முளரியாழும் பிற கருவிகளும் ஊர்வலமாக எடுத்து வரப்பட்டன. மண்டபத்திலே அறிஞர் கூடினர். நூலாசிரியர் நோயோடு வந்திருந்தார். நரம்புகள் தெறிக்கப்பட்டபோது அவர் உள்ளத்தில் என்ன ஓடிற்று என்பதை நாம் எப்படி அறிவோம்? தம் வாழ்நாள் முழுவதும் எண்ணாகவும் எழுத்தாகவும் கண்ட ஒன்றைச் செவியாலே கேட்டார் என்பது மட்டும் தெரியும்.

ஆறே வாரம். சூலை 19 ஆம் நாள் கொழும்பிலே அவர் மறைந்தார். உடலை மட்டக்களப்புக்குக் கொணர்ந்து, சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்தனர். இறைவனுக்கு உகந்த மலர் எதுவென வினவி உள்ளத்தையே விடையாகத் தரும் அவருடைய பாடல் அக்கல்லறையிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிக்குப் போகிறவர் வாவியைக் கடந்தே போகவேண்டும். அந்த வாவியில் நிலாக் காலத்து இரவுகளில் நீருக்கடியிலிருந்து ஓர் இன்னொலி எழும் என்பது நம் நாட்டார் பலரும் அறிந்ததே. மீன் பாடுகின்றது என்பர் சிலர். ஊரி பாடுகின்றது என்பர் சிலர். அடிகளார் அதனை நீரரமகளிர் பாட்டாகக் கண்டு யாழ் நூலின் தொடக்கத்திலேயே ஓர் இடம் கொடுத்தார். ஆராய்ச்சி நூலுக்குள் பிறந்த மண்ணின் ஓர் ஒலியைக் கொண்டுபோய் வைத்த அந்தத் துணிவை நான் எண்ணி எண்ணி வியப்பதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அந்த விஞ்ஞான நண்பரும் நானும் கல்லறையை வணங்கிவிட்டு அன்றிரவே ஓடமொன்றை அமர்த்திக்கொண்டு வாவியில் இறங்கினோம். பாலத்திற்கு அப்பால் ஓடக்காரர் ஓடத்தை நிறுத்தி, துடுப்பின் அலகை நீரிலே ஊன்றி, பிடியைச் செவியிலே வைத்துக் கேட்கச் சொன்னார். முதலிலே ஒன்றுமில்லை. பின்பு நெடுந்தொலைவில் யாரோ ஒரு நரம்பைத் தெறித்து விட்டாற்போல் ஒரு நாதம். சிறிது பொறுத்து, அதனினும் உயர்ந்த இன்னொன்று. இரண்டாவது முதலாவதற்கு இளி என்றார் நண்பர். என் செவிக்கு அது உழையாகப் பட்டது. கரை வந்து சேரும்வரை துடுப்பை மாற்றி மாற்றி வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.